இடது தோளில் கைக்குட்டை

இன்று காலை கூடத்திலிருந்து அந்த வாசனை வந்தது. சூடேறிய வார்னிஷ் வாசனை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு! "டேய், அணைடா! மொதல்ல அணை!" என்று நான் போட்ட கூச்சலில் நம் மகன் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து முழித்தான்.

மலாக்கா டவுனுக்கு வெளியே செங்கில் அவன் வாங்கியிருக்கும் இந்த வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. கூடம் நன்றாக அகலமாக இருக்கிறது. அதில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். தரையில் நிற்கிறவை, என் மார் உயரம். தியேட்டரில் கேட்கிற சத்தம் வீட்டிலேயே கேட்க வேண்டுமாம். அதற்கு ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கிற ரிசீவர் என்று ஒரு பெட்டி வேண்டும், அதைத் தெரிந்தவனிடமிருந்து பழையதாக வாங்கி வந்து பூட்டியிருக்கிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டின் முதுகையும் பார்த்தேன். ஸ்பீக்கருக்கு ஒரு பவர் நம்பர், ரிசீவருக்கு அதில் பாதிகூட இல்லை.

"இது பத்தாதுடா, எரிஞ்சிடும்" என்றேன்.

"ரிசீவர் சின்னதும்மா. சின்னது பெருச என்னா செஞ்சிடும்? பெரிய மெஷினு சின்ன ஸ்பீக்கர வாட்டுனாத்தான் எரியும்" என்றான்.

கேட்டீர்களா? அச்சு அசலாக அந்தத் தவுக்கே, உங்கள் தியேட்டர் முதலாளி, சொன்ன வார்த்தை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இவனுக்கு நான் எதைச் சொல்லி எதைப் புரியவைப்பது? நீங்கள் தியேட்டரை விட்டு வந்த பிறகு பிறந்தவன். அப்பா என்றால் இவனுக்கு ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆள், அவ்வளவுதான். ஒரு தியேட்டரின் குரலையே கையில் வைத்திருந்த மனிதர் என்று சொன்னால் நம்புவானா? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் ஆகி நான் மலாக்காவில் காஜா பெராங்குக்கு வந்தபோது உங்களைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது இரண்டு விஷயம். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய், உயிரோடு திரும்பி வந்தவர்களில் ஒருவர். இப்போது டவுனில் தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர். காது பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. யாருக்கும் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் இருக்கும் செட்டி கம்போங்கில், வீட்டுக்கார அம்மாள் பிபிக்கின் பின்கட்டில் நாம் குடியிருந்தோம். பிபிக் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, மலாய்க்காரிபோல் சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு, சாமிக்குக்கூட மலாயில்தான் வேண்டிக்கொள்வாள். அவள் பேச்சு எனக்குப் பாதி புரியாது. உங்களோடு அவள் பேசும்போதெல்லாம் நீங்கள் முகத்தையே பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவீர்கள். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று அவளுக்கு உங்கள்மேல் ஒரே பெருமை. ஒருநாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தவலை என் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. முன்கட்டிலிருந்து பிபிக் "அபா ஜாடி? என்னா ஆச்சு?" என்று ஓடி வந்தாள். நீங்கள் திரும்பவே இல்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிபிக் போன பிறகு உங்கள் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "பாற வெடி வெக்கிறப்போ பக்கத்துலயே நிக்க வெச்சிட்டானுங்க. அப்புறம் காய்ச்சல், கொய்னா மாத்திர, அதுலயும் காது அடச்சிக்கிச்சு. வந்தப்போ பாதி இருந்துச்சு. இப்போ அதுவும் போவுது" என்றீர்கள். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? நினைவிருக்கிறதா? "பின்ன எப்படிங்க படம் ஓட்டுறீங்க?" என்று கேட்டேன். நீங்கள் உங்கள் விரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

மறுநாள் என்னை மெஷின் அறைக்கு அழைத்துப்போனீர்கள். ஆப்பரேட்டர் கேட்பதற்காகச் சுவரில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது. அதன் வாயில் விரல் நுனியை வைத்தீர்கள். அது துடித்தால் சத்தம் வருகிறது, துடிக்காவிட்டால் வரவில்லை. கூட்டமா குறைவா, மழை கூரையில் அடிக்கிறதா, சனங்களுக்குக் கேட்கிறதா என்பதை விரல் சொல்லாது. ஒவ்வொரு காட்சியிலும் யாராவது விசில் அடித்துவிடுவார்களோ என்று குலை நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த அறையை விட்டுவிடவும் உங்களால் முடியாது. சயாமிலிருந்து வந்தவனை ஊர் அரை ஆளாகத்தான் பார்த்தது. அந்த அறைக்குள் மட்டும்தான் உங்கள் முதுகு நிமிர்ந்திருந்தது. டவுனே இருட்டில் உட்கார்ந்து நீங்கள் விளக்குப் போடக் காத்திருந்தது. செவிடு என்று தெரிந்தால் அன்றே அது போய்விடும்.

"நான் கேக்குறேன், உங்களுக்குச் சொல்றேன். அவ்வளவுதானே?" என்றேன். எனக்கு அப்போது எவ்வளவு திமிர்!

கைக்குட்டை என் யோசனை. ஆப்பரேட்டர் பெண்சாதிக்கு டிக்கெட் கிடையாது. மாடியில் பெண்கள் பக்கம், முன்வரிசையில், ஓரத்து நாற்காலி எனக்கு. உங்கள் அறையின் சின்ன ஜன்னலிலிருந்து என் முதுகு தெரியும். வெள்ளைக் கைக்குட்டை வலது தோளில் இருந்தால் சத்தத்தைக் குறை. இடது தோளில் இருந்தால் கூட்டு. மடியில் இருந்தால் சரியாக இருக்கிறது. இருட்டிலும் திரை வெளிச்சத்தில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

என்ன அழகாக நடந்தது அந்தக் காலம்! "நம்ம தியேட்டரு சவுண்டு மாதிரி மலாக்காவுல எங்கேயும் கெடையாது" என்று ஜனம் பேசியது. நீங்களும் நானும் ஒன்றும் தெரியாதவர்கள்போல நடந்து வருவோம். வீட்டில் சண்டை வந்துவிட்டால் நான் சும்மா இருப்பேனா? உருக்கமான பாட்டு வருகிற நேரமாகப் பார்த்து வலது தோளில் போட்டுவிடுவேன். நீங்கள் குறைப்பீர்கள். எடுக்கமாட்டேன். இன்னும் குறைப்பீர்கள். கீழே காலரிக்காரர்கள் நாற்காலியைத் தட்ட ஆரம்பித்ததும் போனால் போகிறதென்று இடதுபக்கம் மாற்றுவேன். வெளியே வந்து, "கொலகாரி" என்பீர்கள். அப்படி நீங்கள் சிரித்ததை இந்தப் பிள்ளை ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பெட்டிகள் வந்தன. மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை, வரப்போகிறது, தியேட்டர் பழையதாக இருக்கலாமா என்று தவுக்கேவுக்குத் தோன்றிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர், அவசரக்காரர். எங்கோ மூடப்போகிற பெரிய தியேட்டரிலிருந்து ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து திரைக்கு இருபுறமும் துவாரபாலகர்போல் நிறுத்தினார். பழைய குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டார். ஆம்ப்ளிஃபையர் மட்டும் அதே பழையது.

நீங்கள் பெட்டிகளின் முதுகில் இருந்த தகட்டைப் பார்த்துவிட்டு வந்து அவர் முகத்தின் எதிரே நின்று, "தவுக்கே, இந்தப் பெட்டிக்கு நம்ம மெஷினு பத்தாது. பாதி பவர்கூட இல்ல. பெருசா ஒன்னு வாங்கணும்" என்றீர்கள். நான் சாப்பாட்டுத் தூக்குடன் அங்கேதான் இருந்தேன். அவர் உங்கள் தோளில் தட்டிச் சிரித்தார். சின்ன மெஷின், பெரிய ஸ்பீக்கர், "மானா போலே பாக்கார்? எப்படி எரியும்?" பெரிய மெஷின் சின்ன ஸ்பீக்கர் என்றால் எரியும், இது பத்திரம் என்றார். கேட்ட எல்லாருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

வரும் வழியெல்லாம் நீங்கள் எனக்கு விளக்கினீர்கள். பழைய குழாய்க்குக் கொஞ்சம் பவர் கொடுத்தாலே ஊரைக் கூட்டும். இந்தப் பெட்டி பவர் தின்னும். கொடுக்கிறவனிடம் இல்லாவிட்டால்தான் ஆபத்து. "கொரலு பத்தாத ஆள மைதானத்துல நிறுத்திக் கத்துன்னா என்னா ஆவும்? கரகரன்னு கிழியும்ல? அந்தக் கிழிஞ்ச சத்தந்தான் பெட்டிக்குள்ள இருக்குற காயில், அந்தக் கம்பிச் சுருள, சுட்டுப்புடும்" என்றீர்கள். மறுநாள் ஆம்ப்ளிஃபையர் குமிழுக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டீர்கள். கோட்டுக்குள் சத்தம் கொஞ்சம் குறைச்சல்தான். நானும் மடியிலேயே கைக்குட்டையை வைத்துச் சமாளித்தேன்.

விடுதலை நாள் காலையில் தவுக்கே தியேட்டர் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டார். படம் இல்லை. கோலாலம்பூரில் நடப்பதை ரேடியோவில் ஒலிபரப்புகிறார்கள், அதைத் தியேட்டர் ஸ்பீக்கரில் ஊரே கேட்கட்டும், இலவசம் என்று சொல்லிவிட்டார். தன் வீட்டு ரேடியோவையே கொண்டுவந்து உங்கள் அறையில் வைத்து ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கச் சொன்னார். கூட்டமென்றால் கூட்டம்! ஜாலான் பெண்டஹாராத் தெருவில் கடைக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். உஜோங் பாசிரிலிருந்து மீன்காரர்கள் வந்தார்கள். பிபிக் புதுக் கெபாயாவில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் காலையில் பசியாறக்கூட இல்லை. "இன்னிக்கி நம்ம கையிலதான் இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

பேச்சு ஆரம்பித்தது. அத்தனை உடம்புகள், அத்தனை குழந்தைகள். கோட்டுக்குள் இருந்த சத்தம் முதல் பத்து வரிசையோடு நின்றுவிட்டது. பின்னாலிருந்து "குவாட் லாகி! சத்தமா வைய்யி!" என்று கத்தினார்கள். தவுக்கே மாடிப்படியில் ஓடுவதைப் பார்த்தேன். உங்கள் அறைக்குள் போய், உங்களை ஒதுக்கிவிட்டு, குமிழைத் தன் கையாலேயே கோட்டைத் தாண்டித் திருகிவிட்டுக் கீழே ஓடினார். சத்தம் வந்தது. கூட்டம் கைதட்டியது. ஆனால் அந்தக் குரலின் ஓரத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. நீங்கள் சொன்னது இதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

வலது தோளில் போட்டேன். நீங்கள் குறைத்தீர்கள். கூட்டம் கூச்சல் போட்டது, தவுக்கே மறுபடி ஏறிப்போய்த் திருகினார். மறுபடி வலது தோள். இந்த முறை அவர் அறைவாசலிலேயே நின்றதால் நீங்கள் தொடவில்லை. ஜன்னல் வழியே என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினீர்கள். கிழிகிறது என்று நான் எப்படிச் சொல்வது? நம்மிடம் அதற்கு அடையாளமே இல்லையே! குறை, கூட்டு, சரி. இந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

மெர்டேக்கா என்று முதல் முழக்கம் வந்தது. தியேட்டரே எழுந்து நின்று திருப்பி முழங்கியது. தவுக்கேவும் கத்திக்கொண்டே கீழே ஓடினார். அடுத்த முழக்கத்தில் இடதுபக்கப் பெட்டி ரம்பம் அறுப்பதுபோல் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அடுத்ததில் வலதுபக்கம். பிறகு ஒன்றுமில்லை. சூடேறிய வார்னிஷ் வாசனை மாடிவரைக்கும் வந்தது. வாசல் சடக்கில், ரோட்டுக்கு எதிர்ப்புறம், கோப்பிக்கடை ரேடியோவில் முழக்கம் தொடர்ந்துகொண்டிருந்தது, அது நன்றாகக் கேட்டது.

நான் எழுந்து நின்று உங்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினேன். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று ஆட்டினேன். கைக்குட்டை எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. நீங்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தீர்கள். உங்கள் விரல் சுவரிலிருந்த குட்டி ஸ்பீக்கரில் இருந்தது. அது எரியவில்லை, பாவி, அது துடித்துக்கொண்டேதான் இருந்தது. சத்தம் ஊரெல்லாம் போகிறது என்று நினைத்துவிட்டீர்கள். நான் மெர்டேக்கா சொல்கிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். முகமெல்லாம் சிரிப்பாக, உங்கள் கையையும் உயர்த்தி, வாயைத் திறந்து "மெர்டேக்கா!" என்று கத்தினீர்கள். கத்திக்கொண்டே மறு கையால் குமிழை இன்னும் மேலே திருகினீர்கள்.

செத்த தியேட்டரில் அந்த ஒரு குரல். எல்லாத் தலைகளும் மாடியைப் பார்த்துத் திரும்பின. நீங்கள் நிறுத்தவில்லை. திரும்பவும் கையை உயர்த்தினீர்கள்.

தவுக்கே ஓடிவந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார். நீங்கள் திரும்பவில்லை. பக்கத்தில் வந்து காதருகே கத்தினார். திரும்பவில்லை. "பெக்காக்!" என்றார். மலாயில் செவிடு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, திகைத்துப்போய்ச் சொன்னார். அது கீழ்வரிசைவரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். பிபிக் என் கையைப் பிடித்துக்கொண்டு "லாக்கி லு பெக்காக் கா? ஒன் வீட்டுக்காரரு செவிடா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் அந்தக் கையை உதறிவிட்டு உங்களிடம் ஓடினேன். அப்போதுதான் நீங்கள் தவுக்கேயின் வாயைப் பார்த்தீர்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். சடக்கு முழுக்கக் கொடி, பலூன், பாட்டு. நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் பேசினீர்கள். "கிழியுதுன்னு சொல்றதுக்கு ஒன்னு வெச்சிருக்கணும் புள்ள நாம." அதன் பிறகு நம் வீட்டில் பேச்சு என்பது இல்லாமல் போயிற்று.

இதற்குத்தான் எனக்குக் கோபம். தவுக்கே உங்களைத் துரத்தவில்லை. வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை தருகிறேன் என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். நீங்கள் போகவில்லை. மசாலாக் கடைக் கிடங்கில் மூட்டை தூக்கினீர்கள். அது இருக்கட்டும். என்னை ஏன் பார்க்க மறுத்தீர்கள்? நான் எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டீர்கள். வாயைப் பார்த்தால்தானே உங்களுக்குப் பேச்சு? ஒருநாள் ஆத்திரத்தில் வலது தோள், இடது தோள் இரண்டிலும் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் நின்றேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, பேசியது. அவன் "அப்பா" என்று சொன்ன வாயை நீங்கள் பார்க்கவில்லை. எரிந்தது இரண்டு பெட்டி! அதற்கு ஒரு குடும்பத்தையே அணைத்து வைப்பார்களா? சொல்லுங்கள்.

பதில் சொல்லாமலே மார்ச்சளி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காது என்று தெரிந்தும், உங்கள் காதருகே குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். பிபிக் வீட்டு மாமரம் காய்த்திருக்கிறது, பையன் கணக்கில் பாஸாகிவிட்டான், கூரையில் ஒழுகல். மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தீர்கள். அத்தனை வருடம் கழித்து முதல் தடவை. உங்கள் வலது கை மெள்ள எழுந்து மார்மேல் ஊர்ந்து போய் இடது தோளில் விழுந்தது.

தோள் வலிக்கிறது என்று நினைத்து நீவிவிட்டேன். நீங்கள் இல்லையென்று தலையை ஆட்டினீர்கள். என் வாயைப் பார்த்தீர்கள். கையைத் தூக்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்தீர்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கூட்டு என்கிறீர்கள்.

கத்தினேன். "பிபிக் வீட்டு மாமரம் காச்சிருக்குங்க! கொத்துக் கொத்தா காச்சிருக்கு!" என்று அந்த வார்டே அதிரக் கத்தினேன். "பையன் பாஸாயிட்டாங்க!" நர்ஸ் ஓடிவந்து, "அம்மா, மெதுவா, மத்தவங்க தூங்குறாங்க" என்றாள். போடி என்றேன். தொண்டை கிழியக் கத்தினேன். குரல் உடைந்து கரகரவென்று ஆனது எனக்கே கேட்டது. கேட்டதா உங்களுக்கு? தெரியவில்லை. கை தோளிலேயே இருந்தது. பிறகு அதை நான்தான் எடுத்து மார்மேல் வைக்க வேண்டியிருந்தது.

மகன் இப்போது ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறான். பெட்டிகளுக்குப் பொருத்தமானதாக வேறு வாங்கி வருகிறானாம். "ஒங்களுக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டான். உங்கப்பா சொன்னார் என்றேன். "அப்பா பேசுவாரா?" என்றான். வந்ததும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

எனக்கும் இப்போது காது மந்தம். வலது காது அறவே இல்லை. கொஞ்ச நாளாக எங்கோ யாரோ, நீங்கள்தானோ என்னவோ, பேசுவதுபோல் இருக்கிறது, வார்த்தை பிடிபடவில்லை. கூடத்தில் அந்த இரண்டு பெட்டிகளுக்கும் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பீரோவிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். இந்த உலகத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதை இடது தோளில் போட்டிருக்கிறேன். பாருங்கள்.